உண்மையான ஏழையைத் தேடுகிறவர்

உண்மையான ஏழையைத் தேடுகிறவர் என்று ஒரு வகை மனிதர் இருக்கிறார். உங்கள் தெருவில் கட்டாயம் ஒருவர் உண்டு. கொஞ்சம் பெரிய தெருவாக இருந்தால் வீட்டுக்கு ஒருவர்கூட இருக்கலாம். ஆளைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. வெளுத்த சட்டை போட்டிருப்பார், வாசலைச் சுத்தமாக வைத்திருப்பார், சாவு வீட்டுக்கு முதல் ஆளாகப் போய் நாற்காலி எடுத்துப் போடுவார், குழந்தைகளைக் கண்டால் கன்னத்தைக் கிள்ளுவார். அவர் வாயைத் திறக்க வேண்டும். மழையைப் பற்றிப் பேச்சுத் தொடங்கட்டும், பல்வலியைப் பற்றித் தொடங்கட்டும், சுற்றிச் சுற்றி ஓர் இடத்தில்தான் வந்து நிற்பார்.

"நான் உதவி செய்யுறதுக்கு எதிரி இல்லைங்க. ஆனா, உண்மையானவனுக்குப் போய்ச் சேரணும்."

கேட்க எவ்வளவு நியாயமாக இருக்கிறது! யார் மறுப்பார்கள்? எல்லாரும் தலையாட்டத்தான் செய்வார்கள். அந்த உண்மையானவன் எங்கே இருக்கிறான் என்று மட்டும் அவரிடம் கேட்டுவிடாதீர்கள். மனிதர் ஆயுள் முழுக்கத் தேடிக்கொண்டிருக்கிறார். இன்னும் ஒருவன்கூட அகப்படவில்லை.

தெருவோரத்தில் படுத்திருக்கிறவன் காலில் செருப்பு இருந்தால், "செருப்பு வாங்கக் காசு இருக்கு பாருங்க" என்பார். செருப்பு இல்லாவிட்டால், "எங்கயோ ஒளிச்சு வெச்சிட்டு வந்திருக்கான்" என்பார். குளித்திருந்தால் இவன் ஏழையா? குளிக்காமல் இருந்தால், தண்ணீருக்குமா பஞ்சம்? பக்கத்தில் ஒரு நாய் படுத்திருந்தால் தீர்ந்தது கதை, "நாய்க்குப் போட இருக்கு, தனக்கு மட்டும் இல்லையாம்!" எங்கிருந்தோ பிழைக்க வந்தவன் வேலை கிடைக்காமல் உட்கார்ந்திருந்தால் நம் காசில் தின்கிறான், வேலை கிடைத்து எழுந்து போய்விட்டாலோ நம் பிள்ளைகள் வாயில் மண்ணைப் போட்டுவிட்டான். அவன் உட்காரவும் கூடாது, எழுந்திருக்கவும் கூடாது. பிறகு அவன் என்னதான் செய்வது? "அதை அரசாங்கம்தான் பார்க்கணும்" என்பார். அரசாங்கம் பார்த்தால்? "ஐயோ, அது நம்ம வரிப்பணமாச்சே!"

இந்த இனத்தில் முழு வளர்ச்சி அடைந்த ஒருவரைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம். கடிக்க மாட்டார்.

பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். தெருவில் எல்லாருக்கும் அவர் செக்கர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. யோசித்தால் மட்டுமே அது அவர் மனைவிக்கு ஞாபகம் வரும். வேலை போன பிறகும் வேலை அவரை விடவில்லை. வீட்டின் முன் அறை ஜன்னல் ஓரமாக ஒரு நாற்காலி. அதில் உட்கார்ந்தால் தெரு முழுக்கத் தெரியும். யார் நொண்டுகிறார், எந்தக் காலில் நொண்டுகிறார், நேற்றும் அதே காலில்தான் நொண்டினாரா என்பதெல்லாம் அந்த நாற்காலிக்குத் தெரிந்த சங்கதி. எதிர்த்த கட்டடத்தில் செங்கல் சுமக்க வெளியிலிருந்து வந்தவர்கள் சாப்பாட்டு வேளையில் சிரித்தால்கூட அவருக்குப் பொறுக்காது. கஷ்டப்படுகிறவனுக்குச் சிரிப்பு எப்படி வரும்?

அவர் சபை கூடுவது முடிவெட்டும் கடையில். தலையில் வெட்டுவதற்கு அதிகம் இல்லை, இருந்தாலும் போவார். அன்று தபால் ஆபீஸ் வாசலில் புதிதாகக் கட்டிய சாய்வுப் பாதையைப் பற்றிப் பேச்சு.

"யாருக்காகக் கட்டினான் அதை? காலையிலேருந்து நின்னு பார்த்தேன். ஒரு சக்கர நாற்காலி வரலை."

"நேத்து சாயங்காலம்தானே அண்ணே சிமெண்டே போட்டாங்க?" என்றார் முடிவெட்டுகிறவர். "இன்னும் காயலை. கயிறு கட்டி வெச்சிருக்கான்."

"தேவைப்படுறவன் கயிறு இருந்தாலும் வந்து எட்டியாவது பார்ப்பான்ல?"

"ஒரு தடம் இருக்கே அண்ணே, ஈரத்துல. ரெண்டு சின்னச் சக்கரம். நீங்க சந்தைக்கு இழுத்துட்டுப் போற காய்கறி வண்டிச் சக்கரம் மாதிரி."

செக்கர் கண்ணாடியில் தன் காதைப் பார்த்தார். "படி ஏற முடியலைப்பா. உருளைக்கிழங்கு கனம். அது வேற."

கேட்டுக்கொண்டீர்களா? "அது வேற." இந்த இனம் சொல்லும் இரண்டாவது மந்திரம் இது. பஸ்ஸில் அவருக்கும் மனைவிக்கும் ஆயுள் வரை இலவசப் பயணம், அது வேற. அவருடைய கண் ஆபரேஷன் பொது மருத்துவமனையில், கட்டில், சாப்பாடு, கறுப்புக் கண்ணாடி எல்லாம் சேர்த்து இலவசம், அது வேற. தெருவுக்கு விளக்குப் போட்டது, சாக்கடை தோண்டியது, அவர் மகள் படித்த பள்ளிக்கூடம், எல்லாமே வேற. அடுத்தவனுக்குப் போகிறதுதான் வரிப்பணம். தனக்கு வருகிறது கணக்கிலேயே சேராது.

இப்படிப்பட்டவருக்கு ஓர் உண்மையானவன் கிடைத்தான். அதுவும் சொந்த வீட்டிலேயே.

செக்கருடைய மனைவியோடு பிறந்தவர்கள் மூன்று பேர். மூத்தவர் கப்பல் வேலைக்குப் போனவர், போனவர் போனவர்தான். அடுத்தவள் ஓர் அக்கா, வாய் அதிராமல் பேசுவாள், தலைப் பிரசவத்தில் போய்ச் சேர்ந்தாள். மூன்றாவது இவள். கடைக்குட்டி ஒரு தம்பி. தாய்க்கு உடம்பு முடியாமல் போனதால் இவள் இடுப்பிலேயே வளர்ந்தவன். அவன்தான் செக்கருக்கு மச்சினன். வீடுகளுக்கு வண்ணம் பூசுகிறவன். ஏணியில் ஏறி நின்றானென்றால் கோடு போட்டமாதிரி பூசி இறங்குவான். அவன் மனைவி சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறவள். குழந்தை இல்லை. இருவருக்கும் ஒரு சின்ன வாடகை வீடு, யார் தொந்தரவும் இல்லாத பிழைப்பு.

ஒருநாள் மச்சினன் ஏணியிலிருந்து விழுந்தான். வழுக்கவில்லை, யாரும் தட்டவில்லை. கால் இருந்த இடத்தில் கால் இல்லை, அவ்வளவுதான். அந்த வழியாக வந்த செக்கர்தான் அவனைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடினார். இதைச் சொல்லத்தான் வேண்டும்; மனிதர் ஓடினார். டாக்டர் சொன்னதையும் பக்கத்தில் நின்று கேட்டார். நரம்பில் நோய். சில நாள் கால் சொன்னபடி கேட்கும், சில நாள் கேட்காது, எந்த நாள் எது என்று யாராலும் சொல்ல முடியாது, இனிமேல் ஏணி கூடாது.

ஏணி இல்லாத பெயின்டருக்கு என்ன வேலை இருக்கிறது? மூன்று மாத வாடகை நின்றது. வீட்டுக்காரர் முகம் மாறியது. அரசாங்கத்தில் உடல் முடியாதவர்களுக்கு மாதாமாதம் ஓர் உதவித்தொகை உண்டு, மச்சினன் விண்ணப்பித்தான். ஓர் அதிகாரி நேரில் வந்து பார்த்துவிட்டுத் தீர்மானிப்பார் என்று தகவல் வந்தது.

அன்று இரவு சாப்பாட்டுத் தட்டை வைத்துக்கொண்டே செக்கருடைய மனைவி பேச்சை எடுத்தாள்.

"என்னங்க, தம்பிக்கு அது வந்துடும்ல?"

"வராம? நான் கண்ணால பார்த்த கேஸு. உண்மையானவன்."

"வந்துட்டா நல்லது. வரலைன்னா வீட்டைக் காலி பண்ணணும்."

"பண்ணிட்டு?"

"பண்ணிட்டு எங்க போவாங்க? இங்கதான். முன் அறையில ஒரு கட்டில் போட்டா ரெண்டு பேர் படுக்கலாம். உங்க நாற்காலியைத்தான் பின்னால தூக்கிப் போடணும்."

செக்கர் மனசுக்குள் கணக்குப் போட்டார். நாற்காலி போனால் ஜன்னல் போச்சு. ஜன்னல் போனால் தெரு போச்சு. தெரு போனால் இந்த நாட்டை யார் பார்ப்பது? விடியும்வரை புரண்டார். அரசாங்கம் தாராளமாகக் கொடுக்க வேண்டும் என்று அவர் உள்ளம் உருகியது அன்று ஒரு ராத்திரிதான்.

காலையில் எழுந்ததும் அவருக்கு ஒரு யோசனை பிறந்தது. வருகிறவன் என்ன பார்ப்பான்? செக்கருக்குத் தெரியாததா? தெருவில் போகிற ஒவ்வொருவனிடமும் அவர் எதையெதைப் பார்த்துச் சந்தேகப்படுவாரோ, அதையெல்லாம் அவனும் பார்ப்பான். ஆகவே அதில் ஒன்றுகூட அந்த வீட்டில் இருக்கக் கூடாது. சோதனை செய்கிறவனுக்குத் தெரியாத ஓட்டையா என்று தன் மார்பிலேயே தட்டிக்கொண்டு கிளம்பினார்.

அதிகாரி வருகிற நாள் விடிவதற்கு முன்பே மச்சினன் வீட்டுக்குப் போய்விட்டார். கதவைத் திறந்தது மச்சினன். நின்றுகொண்டிருந்தான். முகம் வழித்திருந்தான்.

"ஏண்டா சவரம் பண்ணினே?"

"பெரிய மனுஷங்க வர்றாங்களே அத்தான்."

"பெரிய மனுஷன் வந்தா? நீ என்ன பொண்ணு பார்க்கவா போறே? போச்சு. தாடி இல்லாத நோயாளியை எவன் நம்புவான்?" என்றவர் அப்போதுதான் கவனித்தார். "நீ எப்படி நிக்கிறே?"

"இன்னிக்கு நல்லா இருக்கு அத்தான். நடக்க முடியுது. ரொம்ப நாளைக்கு அப்புறம்."

சந்தோஷத்தில் அவன் குழாயடி வரைக்கும் போய்த் தண்ணீர்கூடப் பிடித்து வந்திருந்தான். செக்கர் தலையில் கை வைத்தார்.

"யாரு உன்னை இன்னிக்கு நடக்கச் சொன்னது? படு!"

"சில நாள் நல்லா இருக்கிறதும் இந்த நோய்தான்னு டாக்டர் சொன்னாரே?"

"டாக்டர் சொல்லுவார். வர்றவன் டாக்டரா?"

பிறகு தொடங்கியது வேலை. சுவரில் இருந்த கடிகாரம் இறங்கியது. நேரம் பார்க்கிறவனுக்கு என்ன கஷ்டம்? டிவி பக்கத்து வீட்டுக்குப் போயிற்று. ஜன்னலில் மச்சினன் மனைவி வைத்திருந்த இரண்டு பூத்தொட்டிகள் கட்டிலுக்கு அடியில் போயின. நல்ல சட்டையைக் கழற்றச் சொன்னார். வேறு சட்டை எடுத்தாள், அதுவும் இஸ்திரி போட்டது. இன்னொன்று, அதுவும் அப்படியே. அந்த வீட்டில் மடிப்புக் கலைந்த துணி ஒன்றுகூட இல்லை. கடைசியில் தரை துடைக்கிற துணியாகக் கிடந்த பழைய சட்டையைப் போட வைத்தார்.

"அண்ணா, இது நாறுது" என்றாள் அவள்.

"நாறட்டும்மா. நாறினாத்தான் நம்புவான்."

மருந்து பாட்டில்கள் போதவில்லை என்று தன் வீட்டிலிருந்து ஒரு பை நிறையக் கொண்டு வந்திருந்தார். இருமல் மருந்து, கண்ணுக்கு விடுகிற சொட்டு, தன் வயிற்று எரிச்சலுக்கு வாங்கிய வெள்ளை மருந்து, எல்லாவற்றையும் கட்டில் பக்கத்தில் அணிவகுத்து நிறுத்தினார். யாரிடமோ கேட்டு வாங்கிய ஊன்றுகோல் ஒன்று; கொடுத்தவர் நல்ல உயரம், மச்சினனுக்கு அது தாடை வரை வந்தது. அப்புறம் சுவரைப் பார்த்தார்.

அந்தச் சுவர் மச்சினன் பூசியது. பெரிய வீடுகளில் மீந்த டப்பாக்களின் அடியைச் சுரண்டிச் சுரண்டிச் சேர்த்து, கலந்து, ஒரு வாரம் உட்கார்ந்து கண்டுபிடித்த நிறம். பழுக்கப் போகிற எலுமிச்சை மாதிரி இருக்கும். கல்யாணத்துக்கு முந்தின வாரம் பூசினான். வருகிறவளுக்கு அவனால் கொடுக்க முடிந்தது அதுதான். இன்றுவரை ஓர் அழுக்கு விரல் பட விடவில்லை.

"இப்படி ஒரு சுவரை வெச்சுக்கிட்டு உதவி கேட்டா எவன்டா குடுப்பான்?" என்று சொல்லி, சலவைக் கடையிலிருந்து வந்த கரித்தூளை ஈரத் துணியில் தோய்த்து, செக்கர் தன் கையாலேயே சுவர் முழுக்கத் தேய்த்தார். அவன் மனைவி சமையல் பக்கமாகத் திரும்பி நின்றுகொண்டாள்.

"இப்ப கேளு. எழுந்து நிக்கச் சொல்வான். நீ எழுந்திருக்கணும், ரெண்டு அடி வைக்கணும், 'ஐயோ'ன்னு கத்திக்கிட்டு விழணும்."

"கத்த வராது அத்தான். நிஜமா விழறப்போ சத்தமே வராது. அது பாட்டுக்குப் போயிடும்."

"சத்தமில்லாம விழுந்தா எவனாவது நம்புவானா? எத்தனை பேரை நான் பார்த்திருக்கேன்! கத்து."

"ஐயோ."

"காபி சுட்டமாதிரி சொல்றே. வயித்துலேருந்து வரணும்."

வெயில் ஏறும் நேரத்தில் அதிகாரி வந்தார். செக்கரைவிட வயதில் சின்னவர், இனம் ஒன்றுதான். உள்ளே வந்ததும் நோயாளியைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்தார். கடிகாரம் இருந்த இடத்தில் கரி படாத வட்டமாக எலுமிச்சை நிறம் ஒன்று பளிச்சென்று இருந்தது. ஆணியைச் சுற்றி அவசரத்தில் தேய்க்க விட்டுப்போயிருந்தது. விரலால் சுவரைத் தொட்டார். விரலைப் பார்த்தார். இன்னும் காயவில்லை. மருந்துப் பாட்டில்களில் ஒன்றை எடுத்து, கண்ணாடியை நெற்றிக்கு உயர்த்திப் படித்தார்.

"இது வயித்து எரிச்சலுக்காச்சே. மேல எழுதியிருக்கிற பேரு யாரோடது?"

பாட்டிலை இருந்த இடத்திலேயே வைத்தார்.

"சரி. உங்களால எழுந்து நிக்க முடியுமாங்க?"

மச்சினன் அத்தானைப் பார்த்தான். அத்தான் கண்ணாலேயே "இப்போ" என்றார். எழுந்தான். நல்ல நாள் அல்லவா, சுலபமாக எழுந்துவிட்டான். இரண்டு அடி வைத்தான். பிறகு பாடம் ஞாபகம் வந்தது. முதலில் "ஐயோ" என்றான். எல்லாரும் அவனைப் பார்த்தார்கள். அதன் பிறகு, தரையைக் கையால் தடவி இடம் பார்த்து, விழுந்தான்.

அதிகாரிக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். கிளம்பும்போது வாசலில் செக்கரிடம் மட்டும் தணிந்த குரலில் சொன்னார்: "நாங்க யாரும் உதவிக்கு எதிரி இல்லை சார். ஆனா உண்மையானவனுக்குப் போய்ச் சேரணும்ல?"

செக்கருடைய தலை, அவரைக் கேட்காமலேயே, பழக்கத்தில் ஆடியது.

உதவி கிடையாது என்று பதில் வந்தது. அடுத்த வாரம் மச்சினனும் மனைவியும் இரண்டு பெட்டியும் இரண்டு பூத்தொட்டியுமாகச் செக்கர் வீட்டு முன் அறைக்கு வந்து சேர்ந்தார்கள். நாற்காலி பின்பக்கம் துணி காயப்போடும் இடத்துக்குப் போயிற்று. அங்கிருந்து பார்த்தால் செக்கருடைய பனியன் மட்டும்தான் தெரியும்.

மனைவி அவரை விடவில்லை.

"நீங்க போய்ச் சொல்லுங்க. 'நான்தான் கரியைத் தேய்ச்சேன், நான்தான் விழச் சொன்னேன், அவனுக்கு நோய் நிஜம், தூக்கிட்டுப் போனதே நான்தான்'னு ஒரு வார்த்தை. அது போதும்."

"நானா? என்னைப் பத்தி என்ன நினைப்பாங்க?"

"என் தம்பியைப் பத்தி இப்ப என்ன நினைச்சிட்டிருக்காங்க?"

போனார். இலவச பஸ்ஸில்தான் போனார். ஆபீஸ் வராந்தாவில் வரிசையாகப் பெஞ்சு. அதில் கூப்பிடுவார்கள் என்று காத்திருக்கிற ஜனம். உட்கார்ந்த உடனே கண் தன் வேலையைத் தொடங்கிவிட்டது. எதிரே ஒருவனுக்கு ஒரு கை இல்லை. சட்டைக்குள் மடித்து வைத்திருப்பானோ? பக்கத்தில் வேறு ஏதோ மொழி பேசும் ஒரு பெண், மடியில் தூங்கும் பிள்ளை. இவ்வளவு சத்தத்தில் எப்படித் தூங்குகிறது, ஏதாவது கொடுத்துத் தூங்க வைத்திருப்பாளோ? வீடில்லாத கிழவர் ஒருவர் பையோடு உட்கார்ந்திருந்தார், பைக்குள் என்னவோ? தான் எதற்காக அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறோம் என்பதே அவருக்குக் கொஞ்ச நேரம் மறந்துபோயிற்று.

உள்ளே கூப்பிட்டார்கள். அதிகாரிக்கு ஆளை உடனே தெரிந்தது.

"வாங்க சார். அன்னிக்கு அங்க இருந்தீங்களே? அவருக்கு நீங்க உறவா?"

"தூரத்துல" என்றது செக்கருடைய வாய். கட்டின மனைவியின் கூடப்பிறந்தவன் அந்த ஒரு சொல்லில் எங்கேயோ போய்விட்டான்.

"என்னா நாடகம் பார்த்தீங்கல்ல? சுவருக்குக் கரி! இதைச் சொல்லிக் குடுத்தது யாருன்னு மட்டும் தெரிஞ்சா போதும், கேஸு போட்டு உள்ள தள்ளலாம். அந்த மாதிரி ஆளுங்களாலதான் நிஜமா முடியாதவங்க செத்துப் பொழைக்கிறாங்க."

இதோ, சொல்ல வேண்டிய இடம் இதுதான். "நான்தான்" என்று ஒரு வார்த்தை. சொன்னால் மச்சினனுக்கு ஒரு வீடு திரும்பக் கிடைக்கும், இவர் நாற்காலியும் திரும்பும். ஆனால் ஆயுள் முழுக்கப் போலிகளைப் பிடித்தவர் என்ற பெயர் போய்விடுமே? எதிரே ஒரு நல்ல மனிதர், தன் இனத்தவர், தன்னைத் தன்னைப்போலவே ஒருவராக மதித்து உட்கார்த்தி வைத்துப் பேசுகிறார். செக்கர் நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"உங்க கண்ணு கண்ணுதான் சார்" என்றார். "நானும் செக்கிங்ல இருந்தவன். எனக்குத் தெரியும். பார்த்த உடனே பிடிச்சிட்டீங்க பாருங்க!"

அதிகாரி மகிழ்ந்துபோய் மணி அடித்து டீ வரவழைத்தார். இருவரும் நாடு போகிற போக்கைப் பற்றி நெடுநேரம் பேசினார்கள். செக்கருக்கு ஓய்வு பெற்றபின் இவ்வளவு இன்பமாக ஒரு பொழுது போனதே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் மனைவி டம்ளரோடு வந்தாள்.

"சொல்லிட்டீங்களா?"

"சொன்னேன். எங்க கேக்குறான்! டீ வேணாம், குடிச்சாச்சு."

"எங்க குடிச்சீங்க?"

"அங்கதான். அவரே வாங்கிக் குடுத்தார்."

"நீங்க சொன்னதைக் காதுல வாங்காத ஆளு, டீ வாங்கிக் குடுத்தானா?"

அவள் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. டம்ளரைத் திருப்பி எடுத்துக்கொண்டு போய்விட்டாள். கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை.

இதற்குப் பிறகு நடந்ததுதான் இந்த இனத்தின் தனிச் சிறப்பு. வேறு யாராவதாக இருந்தால் செய்த காரியத்துக்கு வெட்கப்பட்டிருப்பார்கள். வெட்கம் செக்கர் வீட்டு வாசல் வரைக்கும் வந்தது. இடமில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டு, அவர் வேறொரு வழி கண்டுபிடித்தார். அதிகாரி சொன்னது சரியாக இருந்துவிட்டால்? அப்போது தான் யாருக்கும் துரோகம் செய்யவில்லையே! மச்சினன் போலியாக இருந்தால் எல்லாமே சரியாகிவிடுகிறதே! பின்பக்க நாற்காலியிலிருந்து எழுந்து, கதவிடுக்கு வழியாக முன் அறையைப் பார்க்கத் தொடங்கினார்.

ஒரு வாரம் கழித்து மனைவியிடம் மெல்ல ஆரம்பித்தார்.

"நேத்து உன் தம்பி குழாய் வரைக்கும் நடந்தான். பார்த்தேன்."

"நல்லதுதானே? இன்னிக்கு?"

"இன்னிக்குப் படுத்திருக்கான். அதான் சந்தேகமா இருக்கு."

"என்ன சந்தேகம்? அன்னிக்கு ஏணிக்கடியில கிடந்தவனைத் தோள்ல போட்டுத் தூக்கிட்டு ஓடினது யாரு? நீங்கதானே?"

செக்கர் யோசித்தார். "தூக்கினேன். இல்லைங்கலை. ஆனா இப்ப நினைச்சுப் பார்த்தா, ஆளு கொஞ்சம் லேசாத்தான் இருந்தான்."

மனைவி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "உங்களுக்கு உடம்பு முடியாம நீங்க படுத்தா, எந்தக் கையில நாடி பிடிச்சுப் பார்க்கிறதுன்னு நானும் இப்பவே யோசிச்சு வெச்சுக்கிறேன்" என்றாள்.

மறுநாள் காலையில் அவள் தம்பியை எழுப்பினாள். முகம் வழிக்கச் சொன்னாள். தம்பி மனைவி இஸ்திரி போட்டு வைத்திருந்த நல்ல சட்டையை மாட்டிவிட்டாள். அன்று கால் பாதி கேட்டது, பாதி கேட்கவில்லை. மருத்துவமனைக்குப் போனார்கள், அந்த டாக்டரைக் கையோடு எழுதித் தரச் சொன்னாள். அங்கிருந்து ஆபீசுக்குப் போய், டீ வாங்கிக் கொடுத்தவரை விட்டுவிட்டு, அவருக்கு மேலே இருந்த அம்மாளின் அறைக்குள் நுழைந்து, நின்றபடியே சொன்னாள்: "சுவர்ல கரி தேய்ச்சது என் வீட்டுக்காரர். கத்தச் சொன்னதும் அவர்தான். என் தம்பிக்குப் பொய் சொல்ல வராது, அதான் உங்க ஆளு கண்டுபிடிச்சிட்டார். கேஸு போடணும்னா அவர் மேல போடுங்க. எங்க வீட்டு அட்ரஸ் தர்றேன்."

அந்த அம்மாள் மச்சினனிடம் ஏதோ கேட்க, அவன் பதில் சொல்ல எழுந்தான். எழுந்தவன் பேசிக்கொண்டே இருக்கும்போது, ஒரு சத்தமும் இல்லாமல், அது பாட்டுக்குக் கீழே போனான்.

கேஸ் எதுவும் வரவில்லை. உதவித்தொகை வந்தது. மச்சினனும் மனைவியும் வேறொரு தெருவில் படியில்லாத ஒரு கீழ் வீட்டுக்குக் குடிபோனார்கள். பூத்தொட்டிகளும் போயின. செக்கருடைய நாற்காலி ஜன்னலுக்குத் திரும்பியது. இவ்வளவுக்குப் பிறகு மனிதர் கொஞ்சமாவது மாறியிருப்பார் என்று நினைக்கிறீர்களா? உங்கள் நல்ல மனசுக்கு வணக்கம். அடுத்த முறை முடிவெட்டும் கடையில் அவர் பேசியதைக் கேளுங்கள்.

"மச்சினருக்குக் கிடைச்சிடுச்சாமே அண்ணே? சந்தோஷம்" என்றார் முடிவெட்டுகிறவர்.

"என்னத்தைச் சந்தோஷம்! அதைத்தான் நானும் சொல்லிட்டிருக்கேன். என் மச்சினனாவே இருக்கட்டும்பா, நியாயம்னு ஒண்ணு இருக்குல்ல? நடக்குறான். நானே பார்த்தேன். நடக்குறவனுக்கெல்லாம் தூக்கிக் குடுத்தா கஜானா எப்படித் தாங்கும்?"

"அப்போ நிறுத்தச் சொல்லி நாமளே எழுதிப் போட்டுடுவோமா? நிறுத்திட்டா பாவம், அவங்க மறுபடி உங்க முன் அறைக்குத்தான் வரணும்."

செக்கர் கண்ணாடிக்குள் இருந்த தன்னைப் பார்த்தார். நிதானமாகத் தொண்டையைச் செருமினார்.

"அது வேற" என்றார்.

இதைப் படித்துவிட்டு, எனக்குத் தெரிந்தவர்களில் இப்படி நாலு பேர் இருக்கிறார்கள் என்று நீங்கள் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருப்பீர்கள். எண்ணுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. எண்ணி முடித்த பிறகு ஒன்றே ஒன்றை மட்டும் யோசித்துப் பாருங்கள். அதிகாரி வருகிற அன்று, விடியற்காலையில், மச்சினன் வழித்த முகத்தோடு வந்து கதவைத் திறந்து, "இன்னிக்கு நல்லா இருக்கு அத்தான், நடக்க முடியுது" என்றானே, அந்த இடத்தில் உங்கள் புருவம் ஒரு நூல் மேலே போயிற்றா இல்லையா? அட, தண்ணீர்கூடப் பிடித்து வந்தானா, அப்படியானால் இவனுக்கு நிஜமாகவே முடியவில்லையா, என்று ஒரு நொடி? ஒரே ஒரு நொடிதான். அப்புறம் கதை உங்களை இழுத்துக்கொண்டு போய்விட்டது. அந்த நொடியில் செக்கர் உங்கள் பக்கத்தில் வந்து நின்று, உட்கார இடம் கேட்டார். நீங்களும் மறுபேச்சில்லாமல் கொஞ்சம் நகர்ந்து கொடுத்தீர்கள்.